வண்டியை எங்கே விட்டுவிட்டு நடப்பது? இயற்கைப் பூங்காக்களில் வாகனம் குறைப்பது பற்றி ஓர் அறிமுகம்

தைப்பூசத்தன்று மலேசியாவின் பினாங்கில், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை வாகனங்களுக்கு அடைத்துவிடுவார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். காவடி எடுப்பவர்களும், பால்குடம் சுமப்பவர்களும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டவர்களும், ஊன்றுகோலோடு வரும் பாட்டிமார்களும் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். மலையடிவாரம் வரை காரில் போக முடியாது என்பது தெரிந்தும் எவரும் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. இப்போது அதே சாலையில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் காலை எட்டரை மணிக்குத் தாவரவியல் பூங்காவை நோக்கிப் போய்ப் பாருங்கள். தைப்பூசக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஆட்களே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சாலை நகராது. ஒருவர் இடம் தேடி ஊர்ந்துகொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள், இடம் கிடைக்காத இன்னொருவர் இரண்டு சக்கரத்தைப் புல்தரையில் ஏற்றி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரை விளக்க வரும் கருத்து பாதி புரிந்துவிடும். காடு, மலை, கடற்கரை, பூங்கா போன்ற இயற்கை இடங்களுக்கு மக்கள் வரும் வாய்ப்பைக் குறைக்காமல், அவர்களோடு சேர்ந்து உள்ளே வரும் மோட்டார் வாகனங்களை மட்டும் குறைப்பதற்கு என்ன வழி என்று திட்டமிடுவதுதான் அது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'வாகனம் குறைந்த வருகை' என்று சொன்னால் போதும். வருபவர் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் வண்டியை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இடம் அருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமா, பூங்கா வாசலில் இருக்க வேண்டுமா, அல்லது ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில் இருக்க வேண்டுமா என்பதே இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

நிறுத்துமிடக் கணக்கு

எந்தப் பூங்காவில் நெரிசல் வந்தாலும் முதலில் எழும் கோரிக்கை, கார் நிறுத்துமிடத்தைப் பெரிதாக்குங்கள் என்பதுதான். அது ஏன் பெரும்பாலும் பலன் தருவதில்லை என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் பார்க்கலாம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை, கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மட்டும்.

ஒரு பூங்கா வாசலில் 100 கார்களுக்கு இடம் இருக்கிறது என்று கொள்வோம். காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு 60 கார்கள் வருகின்றன. வருபவர்கள் மலையேறி, அருவியைப் பார்த்து, பசியாறிவிட்டுத் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிறது. அப்படியானால் 8.40 மணிக்கெல்லாம் இடம் நிறைந்துவிடும். ஏழு மணிக்கு வந்த முதல் கார் பத்து மணிக்குத்தான் வெளியேறும். இடைப்பட்ட 80 நிமிடத்தில் வரும் 80 கார்களுக்குப் போக்கிடம் இல்லை. அவைதாம் சாலையில் நிற்கின்றன, புல்தரையில் ஏறுகின்றன, வீட்டு வாசல்களை மறைக்கின்றன. சரி, மரங்களை வெட்டி இன்னும் 20 இடங்கள் சேர்த்தாயிற்று. இப்போது ஒன்பது மணிக்குத்தான் நிறையும். இடமில்லாமல் தவிப்பவை 60 கார்கள். இந்த முன்னேற்றம் சில வாரங்களுக்குத்தான் நீடிக்கும். 'அங்கே இப்போது பெரிய பார்க்கிங் கட்டிவிட்டார்கள், இடம் கிடைக்கிறது' என்ற செய்தி பரவியவுடன், முன்பு நெரிசலுக்குப் பயந்து வராமலிருந்தவர்களும் பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்களும் காரை எடுப்பார்கள். மணிக்கு 60 என்பது 75 ஆனால் போதும்: 120 இடங்களும் 8.36 மணிக்கே நிறைந்துவிடும், பத்து மணிக்குள் 105 கார்கள் இடமில்லாமல் நிற்கும். மரங்களும் போயின, நெரிசலும் கூடிவிட்டது. சாலைத் திட்டமிடுபவர்கள் இதைத் 'தூண்டப்பட்ட தேவை' என்பார்கள். இடத்தைக் கொடுத்ததே கூடுதல் வண்டிகளை வரவழைத்துவிடுகிறது.

கணக்கை மறுபக்கமிருந்தும் போடலாம். காரொன்றுக்கு இரண்டு பேர் என்றால், மணிக்கு 60 கார்கள் கொண்டுவருவது 120 பேரை. அதே 120 பேரை 40 இருக்கைகள் கொண்ட மூன்று பேருந்துகள், அதாவது இருபது நிமிடத்துக்கு ஒன்று, கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். கதவு திறக்கவும் வண்டி உள்ளே வந்து திரும்பவும் வேண்டிய வழியையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் ஆகிவிடும். 100 கார்களுக்கு 2,500 சதுர மீட்டர் தாரும் சிமெண்டும் வேண்டும். பேருந்துக்கு வேண்டியது ஒரு நிறுத்தமும் திரும்புவதற்கு ஒரு வளைவும். இந்த ஒப்பீட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் நேர அட்டவணை பார்க்காமல் வருபவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார், அதைப் பொறுத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக அரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் அவர் காரில்தான் வருவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

காட்டுக்கு என்ன ஆகிறது

வாகனத்தால் இயற்கைக்குக் கேடு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது புகை. புகை மெய்தான். ஆனால் பூங்காக்களைப் பொறுத்தவரை அதைவிட அமைதியாக வேலை செய்யும் கேடுகள் உண்டு. அவற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தது ஓசை பற்றிய ஓர் ஆய்வு. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில், சாலையே இல்லாத ஒரு மலைச்சரிவில், பறவைகள் வலசை போகும் பருவத்தில், சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து வாகனங்கள் ஓடும் ஓசையை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். தாரும் இல்லை, புகையும் இல்லை, ஒரு வண்டிகூட இல்லை. 2013ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவின்படி, ஓசை ஒலித்த நாட்களில் அங்கே தங்கிய பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பறவை பார்க்கக் காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது கேடு மண்ணில் நடக்கிறது. புல்தரையில் ஏறிய அந்த இரண்டு சக்கரத்துக்கே திரும்ப வருவோம். மண்ணுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் நிற்கின்றன. ஒன்றரை டன் எடை அங்கே வாரந்தோறும் ஏறி இறங்கினால் அந்த இடைவெளிகள் நசுங்கி, தரை சுட்ட செங்கல்லைப் போல இறுகிவிடும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடி, அடுத்த சரிவில் மண்ணை அரித்துக்கொண்டு கால்வாயில் சேரும். பக்கத்தில் நிற்கும் மரத்தின் வேர்களுக்கு மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது. பல ஆண்டுகள் கழித்து ஒரு காற்றுக்கு விழும்போது யாருக்கும் கார் நினைவுக்கு வராது.

மூன்றாவது கேடு பிளவு. சாலை காட்டை இரண்டாக வெட்டுகிறது. மரத்துக்கு மரம் தாவி வாழும் விலங்குகளுக்கு நடுவில் இருபதடி தார்ச்சாலை வந்தால், தரையில் இறங்கி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. பினாங்கின் வடகரைச் சாலையில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகள் இப்படி அடிபட்டன. 'லங்கூர் புராஜெக்ட் பினாங்கு' என்ற ஆய்வுக் குழு 2019ஆம் ஆண்டு தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டியது. அதற்குப் பயன்படுத்திய பொருள், தீயணைப்பு வேலைக்கு இனி உதவாது என்று கழித்துவிடப்பட்ட பழைய நீர்க்குழாய்த் துணி. குரங்குகள் அதில் நடக்கின்றன. அருமையான ஏற்பாடு. என்றாலும், பாலம் கீழே ஓடும் வண்டிகளைக் குறைப்பதில்லை. ஆமையைப் போலத் தரையிலேயே நடமாடும் உயிர்களுக்கு மேலே ஏற வழியில்லை.

கொடிமலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த விடை

இந்தக் கருத்தை விளக்க எங்கோ தொலைதூரத்துக்குப் போக வேண்டியதில்லை. பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்குப் பொதுமக்கள் தங்கள் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ரயில் வருவதற்கு முன் வசதியுள்ளவர்கள் குதிரையிலும், கூலியாட்கள் சுமக்கும் டோலியிலும் மேலே போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் போட நடந்த முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில் 1923ஆம் ஆண்டு வண்டி ஓடத் தொடங்கி, 1924ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முறையாகத் திறக்கப்பட்டது.

அந்த ரயிலின் இயக்கம் எளிமையானது. கிணற்று இராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளிகளைக் கட்டினால், ஒன்று கீழே இறங்கும்போது மற்றொன்று மேலே வரும். இறங்கும் வாளியின் எடையே ஏறும் வாளியைத் தூக்க உதவும். கொடிமலையிலும் அப்படித்தான்: இரு பெட்டிகள், ஓர் எஃகுக் கயிறு, நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மட்டும் இரட்டைத் தண்டவாளம். மோட்டார் தூக்க வேண்டியது இரு பெட்டிகளின் எடை வேறுபாட்டைத்தான். அதனால் செலவாகும் ஆற்றல் குறைவு. தண்டவாளத்துக்கு வேண்டிய வழியும் குறுகலானது. இதே உயரத்துக்குக் கார் ஏறும் சாலை போட்டிருந்தால், வளைந்து வளைந்து மலையை எத்தனை இடத்தில் வெட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மலையைச் சுற்றிய காடு பிழைத்ததற்கு இந்த ரயிலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கொடிமலையையும் அதைச் சுற்றிய காடு, கடற்கரை, கடல் ஆகியவற்றையும் சேர்த்து 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசேக் சினிக்கும் குரோக்கர் மலைத்தொடருக்கும் அடுத்து மூன்றாவது அது.

பழைய ரயில்பாதை கீழ்ப்பகுதி, மேல்பகுதி என இரண்டாக இருந்ததால், நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும்; உச்சிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். 2011ஆம் ஆண்டு புதிய தடமும் புதிய பெட்டிகளும் வந்தன. இப்போது 100 பேர் ஏறும் பெட்டி, மாறாமலே, சில நிமிடங்களில் உச்சியை அடைகிறது. இங்கேதான் தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டிய இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வாகனத்தை ஓரிடத்தில் தடுத்தால் அது மறைந்துவிடுவதில்லை, தடுத்த இடத்தில் வந்து நிற்கும். உச்சியில் கார் இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில், அடிவார ரயில் நிலையத்துக்குப் போகும் ஆயர் ஈத்தாம் சாலை திணறுகிறது. அடிவாரத்தில் பல மாடிக் கார் நிறுத்துமிடம் கட்டியும், கெக் லோக் சி கோயிலுக்குப் போகும் கூட்டமும் சந்தைக்கு வரும் கூட்டமும் அதே குறுகிய சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாவது, வேகமாகக் கொண்டுபோகும் ஏற்பாடு கூட்டத்தையும் வேகமாகக் கொண்டுபோகும். கார் இல்லாததால் மட்டுமே உச்சியில் அமைதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரிடம் கெடாமல் எத்தனை பேரை ஏற்க முடியும் என்பதற்குத் 'தாங்குதிறன்' என்று பெயர். அதில் கழிப்பறை, குப்பை, தண்ணீர், ஒற்றையடிப் பாதையின் அகலம் எல்லாம் அடங்கும். வாகனக் குறைப்பு தாங்குதிறனைக் கூட்டும், அதை வரம்பற்றதாக்கிவிடாது.

தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் ஜீப் பாதை ஒன்றும் உண்டு. மேலே குடியிருப்பவர்கள், பராமரிப்பு வேலையாட்கள், பொருள் ஏற்றிச் செல்பவர்கள் ஆகியோரின் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் அதில் போகும். மற்ற எல்லாருக்கும் அது நடைபாதை. விடியற்காலையில் அங்கே நடப்பவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் இளைஞர்களை முந்திக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஒரே பாதையை முழுவதும் அடைக்காமலும் முழுவதும் திறக்காமலும் 'யாருக்கு வண்டி தவிர்க்க முடியாத தேவையோ அவருக்கு மட்டும்' என்று வகுப்பது இந்தத் துறையில் மிகப் பயன்படும் உத்தி. தைப்பிங்கின் புக்கிட் லாருட் மலையிலும் தனியார் கார்களுக்கு அனுமதி கிடையாது; எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த ஒடுங்கிய சாலையில் நெடுங்காலம் அரசாங்க லேண்ட் ரோவர்கள்தாம் ஆட்களை ஏற்றிச் சென்றன. ஃபிரேசர் மலையிலோ வேறு உத்தி: ஒரே ஒடுங்கிய சாலையில் ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளுக்கு, அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகளுக்கு என்று பல்லாண்டு காலம் வாயில் போட்டு முறை வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டில் இரண்டு, நீலகிரியில் ஒன்று

இங்கிலாந்தின் பீக் மாவட்டத் தேசியப் பூங்காவில் கொய்ட் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1970ஆம் ஆண்டு அங்கே வார இறுதிகளில் சாலையைக் கார்களுக்கு அடைத்து, ஓரத்தில் நிறுத்துமிடம் கொடுத்து, சிற்றுந்து விட்டுப் பார்த்தார்கள். அந்நாட்டில் இத்தகைய ஏற்பாடுகளுக்கு அது முன்னோடி. அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்கா இதையே பெரிய அளவில் செய்தது. அதன் குறுகிய பள்ளத்தாக்கில் நிறுத்துமிடங்கள் சில நூறுதான். வந்த கார்களோ நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில். 2000ஆம் ஆண்டு முதல், பேருந்து ஓடும் பருவத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் கார்கள் போக முடியாது. கட்டணமில்லாப் பேருந்து சில நிமிட இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியைப் பூங்காவுக்கு வெளியே, அடுத்திருக்கும் சிற்றூரிலேயே வைத்து, அங்கிருந்தும் பேருந்து விட்டார்கள். காரை ஊரில் விட்டவர் அங்கே காப்பி குடிப்பார், சாப்பிடுவார். அதனால் கடைக்காரர்களும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்துகொள்ளக் காரணம் கிடைத்தது. இப்படிப்பட்ட திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் கடைக்காரர்களின் எதிர்ப்பால் என்பதால், இந்தச் சிறு விவரத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நம்மில் பலர் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஊட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவதுண்டு. அண்மையில் போனவர்களுக்கு இ-பாஸ் பழக்கமாகியிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக முன்பதிவு கட்டாயமாயிற்று. முதலில் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்வதே நோக்கமாக இருந்தது. மறுஆண்டுக் கோடையில் வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் அந்த வரம்பு இல்லை. இந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. வரம்பு ஆட்களின் தலைக்கு விதிக்கப்படவில்லை, வண்டிக்கு விதிக்கப்பட்டிருக்கிறது; பேருந்தில் ஏறுபவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கை கூடாமல் வரம்பு மட்டும் வந்தால், முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யத் தெரிந்தவருக்குத்தான் மலை என்றாகிவிடும்.

தெலுக் பஹாங்: சாலையே இல்லாத பூங்கா

பினாங்குத் தேசியப் பூங்கா 2003ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தீவின் வடமேற்கு மூலையில், காடும் கடலுமாகச் சேர்ந்து 2,500 ஹெக்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் வண்டி ஓடும் சாலை கிடையாது. வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு நடக்க வேண்டும். அல்லது படகில் போக வேண்டும். வாசல் வரை 101ஆம் எண் ரேப்பிட் பினாங்குப் பேருந்து வருகிறது. கெராச்சுட் கடற்கரைக்கு நடக்கும் வழியில், கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள் சாலையின் இரைச்சல் முற்றிலும் அடங்கிப்போகும். அதற்குப் பிறகு கேட்பது சில்வண்டும், எங்கோ கிளை ஒடியும் சத்தமும், நம் மூச்சும்தான். கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி. பருவத்தில் கடல் நீர் உள்ளே வரும்போது கனத்த உப்பு நீர் அடியிலும் மழையாற்றின் நன்னீர் மேலேயும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மறு பருவத்தில் போனால் வெறும் சேற்றுத் தரை.

வாகனமில்லாப் பூங்காவுக்கு இது நல்ல உதாரணம் என்றுதான் நானும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மோட்டார் இங்கே கடல் வழியாக வருகிறது. நடக்க விரும்பாதவர்களைக் குரங்குக் கடற்கரைக்கும் கெராச்சுட்டுக்கும் விசைப்படகுகள் ஏற்றிச் செல்கின்றன. கெராச்சுட் கடற்கரையோ ஆமைகள் முட்டையிட வரும் இடம். அங்கே ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. படகின் விசிறி ஆமைக்கு நல்லதல்ல. அதற்காகப் படகுகளை நிறுத்திவிடு என்றால், தெலுக் பஹாங் மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வருமானம். நடக்க இயலாதவர்களுக்கோ வேறு வழியே இல்லை. கரைக்கு அருகில் வேகத்தைக் குறைப்பது, இறங்குதுறையை ஆமைகள் வராத ஓரத்தில் வைப்பது, இருட்டிய பின் ஓட்டாமலிருப்பது என்று தரையில் செய்யும் அதே வகுத்தலைக் கடலிலும் செய்யலாம். வாகனக் குறைப்பு என்றால் கார் மட்டும் என்று நினைப்பது தொடக்கநிலையில் எல்லாரும் செய்யும் பிழை.

யார் விடுபட்டுப் போகிறார்கள்

இதையெல்லாம் நான் ஒருமுறை வீட்டில் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தபோது என் பெரியம்மா கேட்டார்: "நடக்கிறது நல்லதுன்னு சொல்றியே, என் முட்டிக்கால ஒரு வார்த்தை கேட்டியாடா?" நியாயமான கேள்வி. கார்களைத் தடுக்கும் திட்டங்களில் முதலில் அடிபடுபவர்கள் முதியவர்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும், மூன்று சின்னப் பிள்ளைகளோடு வரும் தாய்மார்களும்தான். எனவே நல்ல திட்டம் இவர்களிலிருந்து தொடங்க வேண்டும்: மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கு வாசலருகே சில இடங்களை ஒதுக்குவது, பேருந்தின் படி தாழ்வாக இருப்பது, நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நிழலும் இரண்டு இடத்தில் உட்கார இருக்கையும் அமைப்பது, மழைக்கு ஒதுங்கக் கூரை போடுவது. பினாங்கின் பிற்பகல் மழையை அறிந்தவர்களுக்குக் கூரையைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை.

மறுபுறம், கார் வைத்திருப்பவர்களையே மனதில் வைத்துக் கட்டப்பட்ட பூங்கா ஏற்கெனவே பலரை விட்டுவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாத பாட்டி, பதினைந்து வயதுப் பள்ளி மாணவர், கார் வாங்க வசதியில்லாத தொழிற்சாலைத் தொழிலாளி ஆகியோருக்கு, பேருந்து போகாத பூங்கா பொதுப் பூங்காவே அல்ல. நுழைவுக் கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது வண்டியை விட்டுவிட்டுப் பணம் குறைந்தவரைத் தடுக்கிறது. நிறுத்துமிடக் கட்டணத்தை உயர்த்தி அந்தப் பணத்தில் பேருந்து விடுவது வேறு. அதில் யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்கிறது.

செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் பேருந்து ஓட வேண்டும். அது சொன்ன நேரத்துக்கு வருகிறது என்று மக்கள் சில மாதங்கள் பார்த்து நம்ப வேண்டும். அதன் பிறகு வாசலருகே உள்ள நிறுத்துமிடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வார இறுதிகளில் மட்டும், காலை ஏழு முதல் பதினொன்று வரை மட்டும் என்று தொடங்கினால் எதிர்ப்பும் குறையும், பிழைகளைத் திருத்தவும் நேரம் கிடைக்கும். எல்லாவற்றையும்விடத் திரும்பிப் போகும் பேருந்து முக்கியம். காலையில் வரும்போது எவரும் அவசரப்படுவதில்லை. மாலையில் கால் வலியோடும் தூங்கி வழியும் பிள்ளையோடும் நிற்கும்போது பேருந்து வராவிட்டால், அந்த ஒரு மாலை பத்து ஆண்டுகளுக்கு அவரைக் காருக்குத் திருப்பிவிடும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வாசலிலும், மலைமேல் ஓய்விடத்திலும், கடற்கரையிலும் பெரிய எழுத்தில் மூன்று நான்கு மொழிகளில் எழுதி வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. இதைக்கூடச் செய்யாத இடங்கள் பல.

கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து கம்பிவண்டி (கேபிள் கார்) ஏற்பாடு ஒன்றைக் கட்டும் பணி 2024ஆம் ஆண்டு தொடங்கியது. இதுவரை ஆயர் ஈத்தாம் வழியாக மட்டும் ஏறிய கூட்டத்தின் ஒரு பங்கு இனித் தண்ணீர்மலைச் சாலைக்கு வரும். அங்கே அடிவாரத்தில் எத்தனை கார்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள், பூங்கா வரை வரும் 10ஆம் எண் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், கம்பிவண்டிச் சீட்டோடு பேருந்துச் சீட்டையும் சேர்த்துத் தருவார்களா என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால், மேலே நான் போட்ட கணக்கை நீங்களே உங்கள் கைப்பேசியில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு அந்தச் சாலை நின்றுபோகும் என்று சொல்லிவிடலாம்.